சேலைக் கரையில் ஒட்டிய விதை

மாசி பிறந்தால் எங்கள் பாறை மலைக்குப் பூப் பார்க்க ஆட்கள் ஏறுவார்கள். பூவெல்லாம் கம்பெனிக்குச் சொந்தம். பார்க்கலாம், ஒரு விதைகூடக் கீழே போகக் கூடாது. இறங்குகிறவர்கள் துணியில் ஒட்டிய விதைகளைப் பொறுக்கி எடுப்பது என் வேலை. என் பெண்டாட்டி சடைச்சிக்கும் அதே வேலைதான். போன வருஷம் மலைமேல் வெயில் தாக்கிச் செத்துப்போனாள். கட்டிய சேலையோடு அடிவாரத்தில் புதைத்தேன். பாறை மண், ஆழமாகத் தோண்ட முடியவில்லை.

இந்த மாசியில் அவள் குழிமேல் ஊதா நிறத்தில் ஒரு பூ பூத்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. மேலே பறக்கிற கேமரா காட்டிக் கொடுத்துவிட்டது. கம்பெனிச் சோதனைக்காரர் முத்தரசன் வந்தார்.

"இது மலைப் பூ, பெரியவரே. விதையை யாரு கொண்டாந்தது?"

"உள்ள படுத்திருக்கா. எழுப்பிக் கேளுங்க."

"கேலியெல்லாம் வேண்டாம். வேர் முழுசா வரணும். நீங்க தோண்டுறீங்களா, மெஷினை வரச் சொல்லவா?"

மெஷின் வந்தால் அவளையும் சேர்த்து அள்ளிவிடும். நானே கையால் தோண்டினேன். ஒரு முழத்திலேயே சேலைக் கரை தெரிந்தது. வேர் அதைப் பிடித்திருந்தது.

"துணியையும் வெட்டி எடுங்க. இன்னும் விதை ஒட்டியிருக்கும்" என்றார்.

நான் வெட்டவில்லை. கரையை விரலில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு விதையாகப் பொறுக்கி அவர் கையில் கொடுத்தேன்.