சமையலா, ஆபீஸா?

"முதல்ல என்னோட 'சமையல்' ஃபோல்டரை எடும்மா" என்றார் அந்த அம்மா.

"அதெல்லாம் அப்புறம். 'பழைய ஆபீஸ்'தான் முதல்ல" என்றார் அவர் கணவர்.

கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்காரப் பெண் ஹார்ட் டிஸ்க் பக்கம் காதைக் கொடுத்தாள். உள்ளே டிக், டிக் என்று எதுவோ தட்டிக்கொண்டிருந்தது.

"நிறைய பேட் செக்டார் விழுந்துருக்கு. அந்த இடத்துல இருக்கிறதைப் படிக்க முடியாது. சரிபண்றேன்னு உக்காந்தா நல்லா இருக்கிறதும் போயிடும். ஓடற வரைக்கும் காப்பி எடுக்கலாம். எப்ப நிக்கும்னு தெரியாது. சீக்கிரம் சொல்லுங்க."

"ரிட்டயர் ஆகி அஞ்சு வருஷமாச்சு. இன்னும் என்ன ஆபீஸ் வேண்டிக்கிடக்கு?" அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சமையல் குறிப்புக்காக அழற ஆளை இப்பத்தான் பாக்கறேன்!"

சரியான கல்நெஞ்சுக்காரர் என்று கடைக்காரப் பெண்ணுக்கு எரிச்சல் வந்தது.

"போட்டோ எதுவும் இல்லையா? எல்லாரும் முதல்ல அதைத்தான் கேப்பாங்க."

கணவர்தான் பதில் சொன்னார்.

"ஒரே பையன். எங்க பேச்சை மீறிக் கல்யாணம் பண்ணிக்கிட்டுப் போயிட்டான். அன்னிக்கே எல்லாப் படத்தையும் அழிச்சாச்சு. அவன் மூஞ்சியே வீட்டுல இருக்கக் கூடாதுன்னு இவதான் சொன்னா."

"சொன்னது நான். அழிச்சது யாரு?"

நல்ல ஜோடிதான். கடைக்காரப் பெண் இங்கே கொஞ்சம், அங்கே கொஞ்சம் என்று இரண்டு ஃபோல்டரையும் மாற்றி மாற்றி எடுக்க ஆரம்பித்தாள்.

அவர் வாசலுக்கும் மேஜைக்குமாக நடந்தார். அம்மா கைப்பையின் வாரைத் திருகியே அறுத்துவிடுவார் போலிருந்தது. "ஆச்சா?" என்று அவர் கேட்பார். அவர் வாயை மூடுவதற்குள் அம்மா கேட்பார். உயிரை எடுத்தார்கள்.

டிஸ்க் ஒருமுறை கரகரத்தது. பிறகு சத்தமே இல்லை.

"அவ்வளவுதான், அடங்கிடுச்சு. வந்த வரைக்கும் சரியா இருக்கான்னு திறந்து பாத்துடறேன்."

"திறக்க வேணாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

அதற்குள் 'சமையல்' திறந்துவிட்டது. பின்னாலேயே 'பழைய ஆபீஸ்' திறந்தது.

கடைக்காரப் பெண் திரையைப் பார்த்தாள். பெரியவரின் மூக்கைப் பார்த்தாள். மறுபடியும் திரையைப் பார்த்தாள். அவளுக்கும் கண் கலங்கியது.

"ரெண்டுலயும் பாதிப் படம் கெட்டுப்போச்சு" என்றாள். "ஆனா சார்கிட்ட கெட்டுப்போனது அம்மாகிட்ட நல்லா இருக்கு. அம்மாகிட்ட கெட்டுப்போனது சார்கிட்ட நல்லா இருக்கு. சேத்து வெச்சா, உங்க பையன் முழுசாக் கிடைச்சுடுவாரு."