மேசைக்கு அடியில்

இந்த ஆன்லைன் பரீட்சைக்குக் கண் மட்டும்தான், காது கிடையாது என்று முன்பே விசாரித்து வைத்திருந்தோம். கேமராவின் பார்வை படாமல் நான் மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். மேலேயிருந்து கேள்விகள் முணுமுணுப்பாக இறங்கின.

"வீட்டுப்பாடத்தைத் திருப்பி அனுப்ப எந்தப் பட்டன்?"

"மூணாவது விடை."

"நெஜமாவா?"

"நேத்தெல்லாம் படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஃபெயிலானா பள்ளிக்கூடத்துல நம்ம ரெண்டு பேர் மானமும் போயிடும்."

"பசிக்குது."

"முடிச்சாதான் சாப்பாடு. நகத்தைக் கடிக்காம திரையைப் பாரு."

என் மூக்குக்கு முன்னால் இரண்டு பாதங்களும் தடதடவென்று தாளம் போட்டன.

"கடைசிக் கேள்வி. இது சரியா வந்தாதான் பாஸ்."

"எதையாவது அழுத்திடாதே! நிதானமா வாசி."

மேலிருந்த குரல் வாசித்தது. நான் சொன்னேன். விரல் அழுத்தியது.

"பாஸ்!"

மேலே நாற்காலி கவிழ்ந்தது. நான் துள்ளிய வேகத்தில் மேசை தலையில் இடித்தது; வலிக்கவேயில்லை. இருவரும் கைகோத்துக்கொண்டு அறையைச் சுற்றிச் சுற்றி ஆடினோம்.

அப்புறம் அம்மா மூச்சு வாங்க உட்கார்ந்து, பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டாள். திங்கட்கிழமை முதல் எங்கள் நான்காம் வகுப்புக்கு அவள்தான் கம்ப்யூட்டர் டீச்சர்.