உச்சிப் பருந்தும் அடிவார மைனாவும்

மலைக்குச் சாலை போட, உச்சியிலும் அடிவாரத்திலும் பாறைகளுக்கு வெடி வைத்தார்கள். அடிவாரத்து மைனா, முட்டையிட உச்சிப் பருந்திடம் கொஞ்சம் இடம் கேட்டது.

“இங்கேயும் அதே வெடிதான். என் இறகுகூட அசையவில்லை” என்றது பருந்து.

“மேலே காற்று மெலிசு அண்ணே, வெடியின் அடியும் மெலிசு. கீழே காற்று கனம். வெடி அதை எடுத்துத்தான் எங்களை அறைகிறது.”

“காற்றுக்கு ஏது கனம்? தினமும் அதன்மேல் மிதக்கிறவன் நான்.”

இடம் கிடைக்காத மைனா அடிவாரத்திலேயே முட்டையிட்டது. ஒருநாள் எலி தேடி இறங்கிய பருந்து, மைனாவின் மரத்தில் உட்கார்ந்த நேரம் வெடி வெடித்தது. பருந்து கிளையிலிருந்து உருண்டு விழுந்தது.

எழுந்ததும், “இங்கே வெடிமருந்தைக் கூட்டி வைக்கிறார்கள்” என்றது.

அந்த வெடியில் உடைந்த முட்டை ஓடுகளைக் கூட்டிலிருந்து தள்ளியபடியே மைனா ஏதோ பதில் சொன்னது. காது அடைத்துப்போன பருந்து, பெரிய மனிதர்போல் தலையை ஆட்டிவிட்டு மேலே பறந்தது.