தகர டப்பாவின் வசனம்

“ஞாயித்துக்கிழமை என்னைப் பொண்ணு பார்க்க வர்றாங்க.”

“அப்படியா? அந்த ரோபோ படம் பார்த்தியா?”

நாலு நாள் முன்பு ஆபேல் இப்படிப் பேச்சை மாற்றியதை ஜோசலின் மறக்கவில்லை. இன்று தாம்பரம் ஸ்டேஷனில் அவனே மறுபடியும் ஆரம்பித்தான்.

“படம் எப்படி?”

“காயலான் கடையில ரெண்டு கிரேன் கட்டிப் புரளுது. மூணு தடவை பார்த்தும் நட்டு போல்ட்டுதான் கிடைச்சுது, கதை கிடைக்கல.”

“பிடிக்காத படத்தை எதுக்கு மூணு தடவை பார்த்த?”

“ஒரு வசனத்துக்காக. ‘உன்னை விட்டுட்டு என்னால இருக்க முடியாது’ன்னு அந்தப் பெரிய ரோபோ சொல்லுதே.”

ஆபேல் தலைகுனிந்தான். அந்த ரோபோவுக்குத் தமிழில் டப்பிங் பேசியவன் அவன்தான்.

ஆறு வருடப் பழக்கத்தில் கேட்கத் தயங்கியதை அவள் கேட்டேவிட்டாள்.

“அந்தத் தகர டப்பாவுக்காகச் சொன்னதை எனக்காக ஒரு தடவை சொல்லேன், ஆபேல்.”