பூதப்பாண்டிக் குளத்து ஆமைகள்

சாய்ந்த வெயில் தாமரை இலைகளில் வழுக்குகிறது. குளக்கரையில் குத்தவைத்து, வலையில் சிக்கிய பாசியைப் பிரித்துப் பார்க்கிறாள் பிரீனா. ஆமைகளை ஆராய்பவள். சில வருடங்களாக வலைக்கு வருவதெல்லாம் கிழடுகள்தான். குஞ்சே இல்லையென்றால் இந்தக் குளத்து ஆமைகளின் கதை இவற்றோடு முடிந்தது. துணைக்கு வந்த கணவன் எட்சன், பாசிக்குள் கிடந்த கல்லை எடுத்து எறியக் கையோங்கியவன் அப்படியே நிற்கிறான்.

"ஏட்டி, இந்தக் கல்லுக்குக் காலு இருக்கு!"

"எறிஞ்சிராதிங்க!"

நெல்லிக்காய் அளவு ஆமைக்குஞ்சு அவள் உள்ளங்கைக்கு மாறுகிறது. ஈர ஓடு மினுங்குகிறது. பெரியவற்றுக்கென்று கொண்டுவந்த அளவுநாடா அதற்குப் பொருந்தவேயில்லை.

"இத எப்பிடி அளக்க?"

"அளந்து என்ன, பள்ளிக்கூடத்துலயா சேக்கப் போற?"

குஞ்சு மெல்லத் தலைநீட்டி, அவள் மணிக்கட்டை நோக்கி நடக்கிறது. கூச்சத்தில் உடம்பெல்லாம் நெளிந்து சிரிக்கிறாள். கையை மட்டும் அசைக்கவில்லை.