சும்மா கொடுத்தவள்

“சும்மா கொடுத்துட்டாளாம்! என் பிள்ளை கண்ணு பூத்துப் போக உட்கார்ந்து செஞ்சதை, ஊருக்கே சும்மா கொடுத்துட்டாளாம்!”

மாடிப்படி ஏறும்போதே அம்மா தொடங்கிவிட்டாள். பின்னால் வந்த இளைய மகன் தடுக்கவில்லை. அவனுக்கும் வயிறு எரிந்துகொண்டுதான் இருந்தது.

மூத்தவன் இறந்து இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவன் விட்டுப்போன சொத்து ஒன்றே ஒன்று: கணினியில் சிதறிக் கிடக்கும் கோப்புகளையெல்லாம் சுருக்கி, ஒரே கோப்பாகக் கட்டிவைக்கும் மென்பொருள். சின்னச் சின்ன அலுவலகங்களுக்கு அதை விற்றுத்தான் குடும்பம் நடந்தது.

இப்போது ஒரு பெரிய கம்பெனி அதை மொத்தமாக விலைக்குக் கேட்டது. இளையவன்தான் அலைந்து பேசி முடித்தான். இனியாவது சொந்த வீட்டில் கண்ணை மூடலாம் என்று அம்மா பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நேற்று கம்பெனிக்காரர் போன் செய்தார்.

“உங்க அண்ணி அதை இணையத்துல இலவசமா வெளியிட்டுட்டாங்க சார். மூல நிரலையும் சேர்த்து. யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு உரிமம் வேற போட்டிருக்காங்க. இனிமே நாங்க வாங்குறதுக்கு என்ன இருக்கு?”

கதவைத் திறந்த அண்ணியின் முகம் வெளுத்திருந்தது.

“வாங்க அத்தை. உட்காருங்க.”

“உட்கார வரல. கேள்விப்பட்டது நிஜமா?”

“நிஜம்தான்.”

“மூல நிரலையும் கொடுத்தாளாமே, அப்படின்னா என்னடா?” அம்மா மகனைப் பார்த்தாள்.

“அதை எப்படிச் செஞ்சான்னு எழுதியிருக்கிறதே அதுதாம்மா. பலகாரத்தையும் கொடுத்து, பக்குவத்தையும் சொல்லிக் கொடுத்த மாதிரி.”

“அடிப் பாவி! யாரும் சொல்லித் தராம அவனே யோசிச்சு செஞ்சதுடி அது. கூட வேலை பார்த்தவனெல்லாம் வாயைப் பிளந்தான். நீயும் அவன் படிச்ச அதே காலேஜ்லதானே படிச்சே? அவன் மூளையில கால்வாசியாவது உனக்கு ஒட்டியிருக்கக் கூடாதா?”

அண்ணி தலை குனிந்துகொண்டாள்.

“வாயைத் திறந்து சொல்லேன். எதுக்குக் கொடுத்தே?”

“கொடுக்கணும்னு தோணுச்சு அத்தை.”

“தோணுச்சாம்! நாளைக்கு அவன் போட்டோவையும் தூக்கித் தெருவுல கொடுக்கத் தோணும். இனி நான் இந்த வாசப்படியை மிதிச்சா என்னன்னு கேளு.”

அம்மா திடுதிடுவென்று இறங்கிப் போனாள். இளையவன் மட்டும் நின்றான்.

“ஒரு வார்த்தை எங்களைக் கேட்டிருக்கலாமே அண்ணி? அண்ணன் இருந்திருந்தா இப்படி விட்டிருப்பானா?”

“உங்க அண்ணன் இருந்திருந்தா அவரையே கேட்டிருப்பேன் தம்பி.”

“என்னன்னு?”

அண்ணி மூலையில் இருந்த கணினியைப் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பது தெரிந்தது. பிறகு கதவைச் சாத்தினாள்.

“விக்கிறதுக்கு முன்னாடி நிரல் முழுக்கப் பார்க்கணும்னு கம்பெனியில கேட்டாங்கல்ல? சரி பண்ணி வைக்கலாம்னு திறந்தேன். காலேஜ்ல பார்த்த நிரல் மாதிரி இருந்துச்சு, ஒத்துப் பார்த்தேன். கோப்பைச் சுருக்குற பகுதி உங்க அண்ணன் எழுதினது இல்ல.”

“என்ன சொல்றீங்க?”

“எந்த நாட்டிலேயோ ஒரு மனுஷன் எழுதி, எல்லாருக்கும் இலவசமா கொடுத்தது. எடுத்துக்கோ, மாத்திக்கோ, வித்துக்கோ. ஆனா நீ செஞ்சதையும் இதே மாதிரி திறந்து கொடுக்கணும், என் பேரை எடுக்கக் கூடாது. அந்த மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.” குரல் இறங்கியது. “உங்க அண்ணன் அந்தப் பேரை எடுத்துட்டு, தன் பேரைப் போட்டிருந்தார்.”

“ரெண்டு பேருக்கும் ஒரே மாதிரி தோணியிருக்கலாமே அண்ணி?”

“நானும் அப்படித்தான் வேண்டிக்கிட்டேன். அந்த மனுஷன் அழிக்க மறந்துபோன, எதுக்குமே உதவாத ரெண்டு வரிகூட இதுலயும் அப்படியே இருக்கு தம்பி.”

இளையவன் பக்கத்தில் கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான்.

“விக்க வேண்டாம்னு நிறுத்தியிருக்கலாம். ஏன் கொடுத்தீங்க?”

“வாங்கினவங்க எல்லார்கிட்டேயும் அது இருக்கே. என்னைக்காவது யாராவது பிரிச்சுப் பார்த்தா, உங்க அண்ணனைத் திருடன்னு சொல்லிடுவாங்க. இப்போ அந்த மனுஷன் பேரை மேல போட்டு, அவர் கேட்டபடியே திறந்து கொடுத்துட்டேன். கீழே உங்க அண்ணன் பேர் இருக்கு. மத்த பகுதியெல்லாம் அவர் எழுதினதுதானே. நல்லாவே எழுதியிருக்கார்.”

இளையவன் எழுந்தான்.

“இதை அம்மாகிட்ட சொல்லியிருந்தா இவ்வளவு பேச்சு வாங்கியிருக்க வேண்டாமே. உங்களை எப்படியெல்லாம் பேசிட்டாங்க!”

“என்னைத்தானே பேசினாங்க” என்றாள் அண்ணி.

கீழே, வண்டியைப் பிடித்துக்கொண்டு அம்மா நின்றிருந்தாள். அழுது மூக்கு சிவந்திருந்தது.

“இவ்வளவு நேரம் என்னடா பேச்சு? கொடுத்ததுக்கு ஏதாவது காரணம் சொன்னாளா?”

அவன் மாடி ஜன்னலைப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினான்.

“ஒரு காரணமும் இல்லம்மா. அண்ணிக்குப் பிழைக்கத் தெரியல, அவ்வளவுதான். நீ ஏறு.”