ரசம் இறக்கி வைத்த இடம்

சமையல் மேடைக்குக் கல் பதித்து மூன்று நாளும் நான்கு மணி நேரமும் ஆகின்றன. கொல்கத்தாவின் டாக்குரியா பகுதி வீட்டு ஜன்னல் வெயிலில் வெள்ளைக் கல் பளபளக்கிறது. ரசப் பாத்திரம் இருந்த இடத்தில் மட்டும் பளபளப்பு அரித்துப்போய், மங்கலாக ஒரு வட்டம். வங்காளிக் கல் கடைக்காரர் அதை விரலால் தடவிவிட்டு, வீட்டு அம்மாளை அண்ணி முறை வைத்து அழைத்துச் சிரிக்கிறார். "குவார்ட்சைட், பௌதி! இரும்பு மாதிரி. உங்க மதராஸிப் புளி அதையும் தின்னுடுச்சே!" அனந்தலக்ஷ்மி தலை நிமிராமல் ஈரத்துணியால் வட்டத்தைத் தேய்க்கிறாள். "என் தப்புதான். உடனே தொடைக்காம விட்டுட்டேன்." மகள் மாதவிக்குக் காது சுடுகிறது. நிலவியல் படித்தவள், வெளியாள் முன்னால் வாய் திறக்காதவள். பூமிக்கடியில் வெந்து நசுங்கி மணற்கல் குவார்ட்சைட் ஆகிறது. சுண்ணாம்புக்கல் மார்பிள் ஆகிறது. இரண்டில் புளிப்பு அரிப்பது சுண்ணாம்பை மட்டும்தான். குவார்ட்சைட்டில் கத்தி கீறாது, மார்பிளில் கீறும். அவள் கத்தியை எடுத்துக் கல்லின் ஓரத்தில் அழுத்திக் கீறுகிறாள். வெள்ளைத் தூள் உதிர்கிறது. கடைக்காரரின் சிரிப்பு நின்றுவிடுகிறது. "அடியே, புதுக் கல்லுடி!" என்று அம்மா பதறுகிறாள். மாதவி அவள் கையிலிருந்து துணியைப் பிடுங்குகிறாள். "தேய்க்காதேம்மா. நீ ஒரு தப்பும் பண்ணலை." பிறகு கடைக்காரரை அண்ணன் முறை வைத்து அழைத்து, தடுமாறும் வங்காள மொழியில் சொல்கிறாள்: "தாதா, நீங்க குடுத்தது குவார்ட்சைட்டே இல்லை. மார்பிள்."